கல்லுக்குக் கணக்கு இருக்கிறது, மணலுக்கு?

 

ஆற்று முகத்துவாரத்திலும் துறைமுக வாயிலிலும் நாம் கல்லைக் கொட்டிச் சுவர் கட்டுகிறோம். அந்தச் சுவரைச் சுற்றித் தண்ணீர் எப்படி ஓடும், மணல் எந்தப் பக்கம் சேரும், எந்தப் பக்கம் கரையும்? கட்டுவதற்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? இதுதான் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். பொறியாளர் கூட்டத்துக்குத் தெரியாமல் வந்துவிட்டோமோ என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். சூத்திரம் ஒன்றுகூட எழுத மாட்டேன்.

மெரினாவில் காலாற நடக்காதவர் இந்த அரங்கில் யாராவது இருக்கிறீர்களா? மத்தியான வெயிலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலையைத் தொடப் போனால் பாதி வழியிலேயே உள்ளங்கால் வெந்துவிடும். அவ்வளவு அகலம். இத்தனை மணலும் எங்கிருந்து வந்தது? ஆதிமுதல் இங்கேயே கிடந்ததா? இல்லை. 1876-இல் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. அதற்கு முன் அலை இன்றைய சாலைக்குப் பக்கத்திலேயே வந்து திரும்பிக்கொண்டிருந்தது. சுவர் நீள நீள, அதன் தெற்கே மணல் சேர்ந்தது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அந்தக் கரையோரத்தில் உலாவுவதற்குப் பாதை போட்டு, மெரினா என்று பெயரும் வைத்தார்.

சரி, தெற்கே தங்கிவிட்ட அந்த மணல் யாருக்குப் போய்ச் சேர வேண்டிய மணல்? இராயபுரத்துக்கு. காசிமேட்டுக்கு. திருவொற்றியூருக்கு. எண்ணூருக்கு. மெரினா அகலமான அதே காலத்தில் வடசென்னைக் கரை பல நூறு மீட்டர் உள்வாங்கியது. தெருக்கள் போயின, கோயில்கள் போயின, வலை காயப்போட இருந்த இடமெல்லாம் போயிற்று. ஒரே சுவர்தான் தெற்கே பூங்காவையும் வடக்கே அரிப்பையும் கொடுத்தது. பூங்காவைப் படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்றோம். அரிப்பைப் பற்றி வடசென்னைக்காரர்கள் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

துறைமுகமாவது நிம்மதியாக இருந்ததா? அதுவும் இல்லை. வேலை ஏறக்குறைய முடிந்திருந்த 1881 நவம்பரில் புயல் அடித்துச் சுவரைச் சிதைத்தது. திரும்பக் கட்டினார்கள். மணல் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து கிழக்கு வாயிலைத் தூர்க்கத் தொடங்கியது. கடைசியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிஸ் ஸ்ப்ரிங் துறைமுகத் தலைவராக இருந்தபோது, கிழக்கு வாயிலை அடைத்துவிட்டு வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள். கல்லின் எடை, கல்லின் விலை, கூலி, எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். மணலுக்கு யாரிடமும் சரியான கணக்கு இல்லை.

மணல் ஏன் வடக்கே போகிறது? மார்ச் தொடங்கி அக்டோபர் வரை நம் கரைக்கு அலை தெற்குச் சாய்வில் வருகிறது. சாய்வாக ஏறுகிறது, நேராக இறங்குகிறது. ஒவ்வொரு அலையும் மணலை ஒரு சாண் வடக்கே நகர்த்திவிட்டுப் போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது தலைகீழாகும். ஆனால் அது சில மாதம்தான். ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் வடக்குப் பக்கம். சென்னைக் கரையில் அந்த மிச்சம் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர். பேச்சுக்கு 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் நாள் ஒன்றுக்கு 137 லாரி. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பொங்கல் தீபாவளி கிடையாது, நூற்றைம்பது ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிற லாரிகள் அவை. அந்தச் சாலையின் குறுக்கே நாம் சுவர் எழுப்பியிருக்கிறோம்!

இங்கே ஒரு கேள்வி வரும். கடல் ஏறி வற்றுவதால் வருகிற நீரோட்டத்தைப் பேசாமல் அலையையே பேசுகிறீர்களே என்பீர்கள். நியாயமான கேள்வி. காம்பே வளைகுடாவில், பாவ்நகர் பக்கம், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 10 மீட்டர் வித்தியாசம் உண்டு. அங்கே ராஜா ஏற்ற வற்றம்தான். சென்னையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களிலேயே ஒரு மீட்டர் அளவுதான். ஆகவே நம் திறந்த கரையில் மணலைத் தள்ளுவது முக்கியமாக அலை. ஆனால் முகத்துவாரத்துக்கு வந்துவிட்டால் கதை மாறுகிறது. அடையாறு, எண்ணூர்க் கழிமுகம், முட்டுக்காடு, பழவேற்காடு ஆகிய இடங்களில் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் கடல் உள்ளே வருகிறது, வெளியே போகிறது. குறுகிய வாய் வழியாகப் போவதால் வேகமாகப் போகிறது. அந்த வேகம்தான் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. அலை மணலைக் கொண்டுவந்து வாயில் போடும், ஓட்டம் அதைத் தள்ளிவிடும். இந்த இரண்டுக்கும் நடக்கிற மல்லுக்கட்டில் யார் ஜெயிக்கிறார்களோ அதைப் பொறுத்து முகத்துவாரம் திறந்திருக்கும் அல்லது மூடிக்கொள்ளும்.

ஓர் ஏற்றத்தில் எவ்வளவு தண்ணீர் உள்ளே போய் வருகிறதோ, அதற்கேற்ற அகலமும் ஆழமும்தான் அந்த வாய்க்கு நிலைக்கும். இதை 1931-இலேயே மாரோ ஓ பிரையன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அளந்து சொல்லிவிட்டார். அடையாற்று முகத்துவாரத்தைக் கோடையில் பாருங்கள். மணல் திட்டு வாயை அடைக்கும். பொக்லைன் வைத்துத் திறப்பார்கள், திரும்ப அடைக்கும். உள்ளே கழிமுகத்தைக் கட்டடமும் குப்பையும் மண்ணும் போட்டுச் சுருக்கிவிட்டோம். போய்வரத் தண்ணீர் இல்லை. பிறகு வாய் மட்டும் எப்படித் திறந்திருக்கும்?

அப்போதுதான் யாராவது சொல்வார்கள், "இரண்டு பக்கமும் நேர்சுவர் கட்டிவிடலாம்" என்று. யோசனை தப்பில்லை. வாயை நெருக்கினால் ஓட்டம் வேகம் பிடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மணலை இழுக்கும் திறன் எட்டு மடங்கு முதல் முப்பது மடங்குக்கு மேலும் கூடும். வாய் தானே ஆழப்படும். நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அதே சுவர் கரையோரமாகப் போகிற மணலுக்குக் குறுக்கே நிற்கிறதே, அதை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் மாதிரிகள். கணினிக்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. 1880-களில் மான்செஸ்டர் கப்பல் கால்வாய்க்கான முதல் திட்டம் மெர்சி கழிமுகத்துக்கு நடுவே நேர்சுவர் கட்டச் சொன்னது. சுவர் வந்தால் மணல் எங்கே போகும், லிவர்பூல் வாய் தூர்ந்துவிடுமா என்று நாடாளுமன்றக் குழுவில் பெரிய வழக்காடல் நடந்தது. கடைசியில் கால்வாயைக் கரையோரமாக ஒதுக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சூட்டில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் 1885-இல் மான்செஸ்டரில் ஒரு தொட்டி செய்தார். மெர்சியை நீளவாக்கில் முப்பதாயிரம் மடங்குக்கு மேல் சுருக்கி, அடியில் மணலைச் சமமாகப் பரப்பி, ஒரு முனையில் தண்ணீரை ஏற்றி இறக்கினார். ஓர் ஏற்ற வற்றத்துக்குச் சுமார் 40 வினாடி. ஆயிரக்கணக்கான ஏற்ற வற்றங்கள் ஓடிய பிறகு பார்த்தால், சமமாகக் கிடந்த மணலில் ஓடைகளும் திட்டுகளும் விழுந்திருந்தன. உண்மையான மெர்சியின் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் சாயல் இருந்தது!

நம் நாட்டிலும் புனேயில் 1916-இல் தொடங்கிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் கொட்டகை கொட்டகையாகத் துறைமுகங்களைச் சிறுசாகக் கட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. துறைமுகத்தை நூறு மடங்கு சுருக்கலாம், அலையைச் சுருக்கலாம், மணலை எப்படிச் சுருக்குவது? மணல் துகளை நூறு மடங்கு சிறிதாக்கினால் அது மணலாக இருக்காது, களிமண் ஆகிவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே கனம் குறைந்த நிலக்கரித் தூளைப் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீருக்குத் தொட்டி ஒழுங்காகவே பதில் சொன்னது. மணலைக் கேட்டால் மழுப்பியது.

இப்போது கணினி. கடலைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். சுவருக்குப் பக்கத்தில் சில மீட்டர் அகலக் கட்டம், தூரத்தில் பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம் கொடுக்கிறோம். ஒரு கட்டத்துக்குள் வந்த தண்ணீரும் போன தண்ணீரும் சரியாக இருக்க வேண்டும், தள்ளிய விசைக்கேற்ப வேகம் மாற வேண்டும். இந்த இரண்டு விதிதான். ஆழம் குறைந்த நீருக்கு அதை 1871-இலேயே பிரான்சில் செயின்ட் வெனான் எழுதி வைத்துவிட்டார். வெளி ஓரத்தில் ஏற்ற வற்றத்தையும் அலையையும் காற்றையும் கொடுத்தால் கணினி சில வினாடிக்கு ஒரு தடவை எல்லாக் கட்டத்துக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். நெதர்லாந்துக்காரர்களின் டெல்ஃப்ட்-3டி என்ற மென்பொருள் 2011 முதல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே கிடக்கிறது. மாணவர்களே, உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டலாம்.

திரையில் வரும் படம் இருக்கிறதே, அது ஒரு மயக்கம்! நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம் மாறும், அம்புக்குறிகள் சுழித்துச் சுழித்து ஓடும். கூட்டத்தில் காட்டினால் அதிகாரிகள் தலையாட்டிவிடுவார்கள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் அதில் தண்ணீர்ப் பாதியை நம்புகிற அளவுக்கு மணல் பாதியை நான் நம்ப மாட்டேன். ஏன்?

அலை கரையை 5 பாகைச் சாய்வில் உடைத்து அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நாம் 7 என்று அளந்துவிட்டோம். இரண்டே பாகைதான். மணல் கணக்கு ஏறக்குறைய 40 சதவீதம் ஏறிவிடும். முகத்துவாரத்தில் ஏற்றத்தோடு உள்ளே போகும் மணல் நிறைய, வற்றத்தோடு வெளியே வரும் மணலும் நிறைய. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம். பெரிய எண் இரண்டிலும் கொஞ்சம் பிசகினால் போதும், வித்தியாசம் தலைகீழாகிவிடும். மணல் கணக்கு உண்மையிலிருந்து இரண்டு மடங்குக்குள் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் அதை நல்ல கணக்கு என்றே சொல்வோம்.

இன்னொன்று, வெளியே யாரும் அதிகம் சொல்லாதது. ஆழம் அளக்க எதிரொலிக் கருவியோடு படகு போகிறது. கடலில் அழகாகக் கோடு கோடாக ஓடி அளக்கிறது. அலை உடையும் இடம் வந்ததும் திரும்பிவிடுகிறது. போனால் கவிழ்ந்துவிடும். கரைப் பக்கமிருந்து கோலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற ஆள் இடுப்பளவு தண்ணீரோடு நின்றுவிடுகிறார். நடுவில் ஒரு பட்டை யாரும் அளக்காமல் கிடக்கிறது. கணினி அந்த இடத்தை இரு பக்கத்து எண்களை வைத்து நிரவிக்கொள்கிறது. மணலில் பெரும்பகுதி நகர்வது எங்கே தெரியுமா? அந்தப் பட்டையில்தான்!

அந்தப் பட்டை யாருக்குத் தெரியும்? தினம் அதைத் தாண்டிப் படகைத் தள்ளுகிறவர்களுக்குத் தெரியும். கரையோர ஓட்டத்தை அதன் திசையைப் பொறுத்து வன்னி என்றும் தெண்டி என்றும் சென்னைக் குப்பங்களில் சொல்வார்கள். எந்த மாதம் எது, எந்த இடத்தில் திட்டு எழும்பும், எங்கே பள்ளம் விழும் என்பதெல்லாம் அவர்கள் கையில் உண்டு. அது அடிப்படைத் தகவல், மாதிரியின் உள்ளே போக வேண்டிய தகவல். மீனவர்களிடம் கருத்துக் கேட்டோம் என்று அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு பக்கம் ஒட்டிவிடுவதோடு அது முடிந்துபோகக் கூடாது.

எண்ணூர் விரைவுச் சாலையோரம் கடலரிப்பைத் தடுக்கக் கல்லால் தூண்டில் வளைவுகள் போட்டிருக்கிறார்களே, ஒன்றின் மேல் ஏறி நின்று பாருங்கள். தெற்குப் பக்கம் மணல் பாதிக் கல்லை மூடியிருக்கும், பிள்ளைகள் அதில் பந்தாடுவார்கள். வடக்குப் பக்கம் எட்டிப் பார்த்தால் கல் அடி வரைக்கும் வெளியே தெரியும், அதில் சிப்பி ஒட்டியிருக்கும். காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றைத் தெற்குப் பக்கம் அலைக்குள் எறியுங்கள். கரையோரமாக வடக்கே வரும், கல்லைத் தொட்டதும் திரும்பிக் கல்லை ஒட்டியபடியே விறுவிறுவென்று கடலுக்குள் போய்விடும். கல்லோரத்தில் குளிக்காதே என்று பெரியவர்கள் பிள்ளைகளை விரட்டுவது இதற்குத்தான்.

இத்தனை சிக்கல் இருந்தால் மாதிரியால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் உண்டு, நிச்சயமாக உண்டு. 1956-இல் பெல்னார் கான்சிதேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கரையை ஒரே ஒரு கோடாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குச் செய்தார். கணினியே வேண்டாம். சுவரின் ஒரு பக்கம் கோடு எப்படி முன்னே வரும், மறுபக்கம் எப்படிப் பின்னே போகும், எத்தனை ஆண்டில் மணல் சுவரின் நுனியைத் தாண்டி வாய்க்குள் திரும்பும் என்று அது சொல்லிவிடும். மெரினா, இராயபுரம் கதை முழுவதும் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. எந்தப் பக்கம் சேரும், எந்தப் பக்கம் கரையும், ஏறக்குறைய எவ்வளவு என்பது நமக்குத் தெரியாத விஷயமே இல்லை. தெரிந்த பிறகும் என்ன செய்தோம்?

புதுச்சேரிக்கு வாருங்கள். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1989-இல் துறைமுகச் சுவர்கள் எழுந்து நின்றன. மணல் வடக்கே போகும் என்பது தெரியும். சுவரால் அது நிற்கும் என்பதும் தெரியும். ஆகவே தெற்கே சேர்கிற மணலை அள்ளி வடக்கே தள்ள வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எழுதியபடி தொடர்ந்து செய்தார்களா? இல்லை. கடற்கரைச் சாலைக்கு எதிரே இருந்த மணல் போயிற்று, கருங்கல் வந்தது. கல் வந்ததும் அரிப்பு வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். இவை விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. சுவர் ஓர் அரசின் கீழ், அரிப்பு இன்னோர் அரசின் கீழ்! தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் இரும்பு ஆப்பு ஒன்றை இறக்கியதும் அங்கே மணல் திரும்ப ஒதுங்கியது, மக்கள் மகிழ்ந்தார்கள். வடக்கே உள்ள குப்பங்களின் பாக்கி அப்படியேதான் இருக்கிறது.

இதே கதை ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கிறது, முடிவு மட்டும் வேறு. ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 1960-களில் நேர்சுவர்களை நீட்டினார்கள். அங்கேயும் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது, அதுவும் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். சுவர் இருப்பது நியூ சவுத் வேல்ஸில், மணல் இழந்த கடற்கரைகள் இருப்பது குயின்ஸ்லாந்தில். கிட்டத்தட்ட நம் புதுச்சேரியும் விழுப்புரமும்! 1990-களில் இரண்டு மாநிலமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. தெற்கே கடலுக்குள் ஒரு பாலம் கட்டி, அதன் அடியில் பம்புகளை வைத்து, மணலையும் நீரையும் சேர்த்து உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியே வடக்கே தள்ளுகிறார்கள். 2001-இலிருந்து ஓடுகிறது. சுவரை இடிக்கவில்லை, துறையை மூடவில்லை. மணலுக்கு வழிவிட்டார்கள். அதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறார்கள், அளக்கிறார்கள், அளந்ததை வெளியிடுகிறார்கள்.

நான் சொல்ல வந்ததே இதுதான். கல் ஒருமுறைச் செலவு. மணல் ஆண்டுச் செலவு. இந்த முகத்துவாரத்தில் சுவர் கட்டினால் வருடா வருடம் எவ்வளவு மணலை எங்கிருந்து எங்கே கொண்டுபோய்க் கொடுக்க நீ கடன்பட்டவன் என்று சொல்வதுதான் மாதிரியின் முதல் வேலை. அந்தத் தொகை இல்லாமல் வருகிற திட்ட மதிப்பீடு பாதி மதிப்பீடு. தூர்வாரிய மணலைக் கப்பல் கப்பலாக ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அடுத்த ஆண்டு கரையைக் காக்கக் கல்லுக்கு டெண்டர் விடுகிறோம். இரண்டு துறை, இரண்டு கோப்பு.

கட்டியபின் அளக்காத கூத்தும் உண்டு. கேரளத்தில் முதலப்பொழி, குமரியில் தேங்காய்ப்பட்டணம். இரண்டு துறைமுக வாயிலும் மணல் திட்டில் அலை எழும்பிப் படகு கவிழ்ந்து மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். படகைக் காப்பாற்றக் கட்டிய சுவர் அது! ஒவ்வொரு பருவத்துக்கு முன்னும் பின்னும் வாயின் ஆழத்தை அளந்து, அந்த எண்ணை மாதிரிக்குள் போட்டுத் திருத்தி, அடுத்த பருவத்துக்குத் திட்டு எங்கே எழும்பும் என்று துறைமுகத்திலேயே பலகை வைத்து எழுதலாம். இதற்கு வேண்டிய கருவி நாட்டில் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், நிறுவனங்கள் இருக்கின்றன.

பழவேற்காட்டிலோ வேறெங்கோ முகத்துவாரச் சுவருக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள். வண்ணப்படம் ஓடி முடிந்ததும் எழுந்து கேளுங்கள்: "ஐயா, ஆழத்தை எந்த மாதத்தில் அளந்தீர்கள்? அலையை எத்தனை வருடம் பார்த்தீர்கள்? பக்கத்தில் ஏற்கெனவே நிற்கிற சுவருக்கு இதே மாதிரியை ஓட்டி, நடந்தது நடந்தபடி வருகிறதா என்று சரிபார்த்தீர்களா? வடக்கே கடைசியாக எந்த ஊர் வரை கணக்குப் போட்டீர்கள், அதற்கு அடுத்த ஊரை ஏன் விட்டீர்கள்? மணலை மாற்றித் தள்ள இந்த வருடப் பட்ஜெட்டில் எவ்வளவு, பத்தாம் வருடம் எவ்வளவு?" சூத்திரம் தெரியாதவரும் கேட்கலாம். சூத்திரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லக் கொஞ்சம் திணறுவோம்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். காசிமேட்டிலிருந்தும் கோட்டக்குப்பத்திலிருந்தும் வந்தவர்கள் முன் வரிசையில் இருக்கிறீர்கள். இந்த ஐப்பசியில் ஓட்டம் எப்போது திரும்பியது, வாயில் எத்தனை பாகம் ஆழம் நிற்கிறது என்று நீங்கள் சொன்னால் நான் குறித்துக்கொள்கிறேன். ஒலிவாங்கியை அவர்கள் பக்கம் கொடுங்கள், தம்பி.